ரயில் படம் எடுக்க ஒரு சிலிக்கோன் ஹூட்: மூன்று மாத அனுபவம்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி என்ற இலகு ரயிலில் ஓட்டுநர் கிடையாது, முன் கண்ணாடி நமக்குத்தான். சுவா சூ காங்கில் ஏறி அந்த இடம் கிடைத்துவிட்டால் போதும், ரப்பர் டயரில் ஓடும் அந்தக் குட்டி வண்டி வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதை முழுசாக எடுக்கலாம். ஆனால் இரண்டு வருடமாக என் படங்களில் பாதையின் மேல் என் சட்டையும் பெட்டி விளக்குகளும் மிதந்தன.

அதைத் தீர்த்தது 22 வெள்ளிக்கு வாங்கிய சிலிக்கோன் ஹூட். பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும், லென்ஸில் மாட்டி விளிம்பைக் கண்ணாடியில் ஒட்ட வைக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் நமக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தால்தான், அந்த வெளிச்சத்தை இது அடைத்துவிடுகிறது. முன்பு போலரைசர் என்ற, பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரை லென்ஸில் மாட்டி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு நேராக நின்று எடுக்கும்போது அது பிம்பத்தைப் போக்காது, இருக்கிற வெளிச்சத்தையும் குறைத்துவிடும், மாலை ஏழு மணிக்கு மேல் ஒன்றுக்கும் ஆகாது.

ஒன்று கவனியுங்கள், ஓடும் வண்டியில் ஹூடை அழுத்திப் பிடித்தால் அதிர்வெல்லாம் கேமராவுக்கு வந்துவிடும். விளிம்பு லேசாகப் பட்டால் போதும், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு வையுங்கள். எதிரே வரும் வண்டியின் எல்இடி எழுத்து அந்த வேகத்தில் உடைந்து உடைந்து தெரியும், அது வேண்டுமென்றால் நிலையத்தில் நிற்கும்போது 1/125-க்கு இறக்கி எடுக்க வேண்டியதுதான்.

போன மாதம் அண்ணன் மகனைக் கூட்டிப்போயிருந்தேன். பக்கத்து ஜன்னலில் ஹூடை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "சித்தப்பா, ஜன்னல் வெள்ளையாயிடுச்சு!" என்று கத்தினான். வீடுகளை ஒட்டிப் போகும்போது அந்தக் கண்ணாடி தானாகவே மங்கிவிடும், குடியிருப்பவர்களின் வீட்டுக்குள் யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கண்ணாடி மங்காத இடத்திலும் நாம் அடுத்தவர் வீட்டு ஜன்னல் பக்கம் லென்ஸைத் திருப்பக்கூடாது.

எம்ஆர்டி என்ற பெரிய ரயிலில் இந்த ஹூடின் பயன் வேறு. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளின் மேல்தள நிலையங்களில் நடைமேடைக் கதவு பாதி உயரம்தான், அதற்கு மேலே செல்ஃபி ஸ்டிக்கை நீட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தயவுசெய்து வேண்டாம். ஜூரோங் ஈஸ்ட்டில் கூட்டம் இல்லாத நேரம் நடைமேடை ஓரத்துக்குப் போய், கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் ஹூடை வைத்துப் பாருங்கள், 2023-இல் ஓட ஆரம்பித்த ஆர்151 ரக ரயிலின் முகம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கும். அந்த இரண்டு பாதைகளிலும் வண்டியில் ஓட்டுநர் உண்டு, பிளாஷ் அவர் கண்ணைக் கூச வைக்கும், முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். ஊழியர் நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள், அடுத்த ரயில் சில நிமிடத்தில் வரப்போகிறது.

முழு ரயிலும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஹூடே தேவையில்லை. லாவண்டரைத் தாண்டிச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் ரயில் காலாங் ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு ஆற்றோரப் பூங்காவில் நின்று காத்திருங்கள். காலை வெயிலில் ஆறு பெட்டியும் பாலத்தின் மேல் வரிசையாக வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

குறைகளும் உண்டு. முதலில் வேறொரு கடையில் வாங்கிய மெல்லிய ஹூட் மூன்றாவது வாரமே விளிம்பில் கிழிந்துவிட்டது, மாற்றித் தரவும் மாட்டோம் என்றார்கள். இப்போது இருப்பது தடிமன், ஆனால் லென்ஸை 16 மிமீ அகலக் கோணத்தில் வைத்து எடுத்தால் நான்கு மூலையும் கருப்பாகிவிடும், 24-க்கு மேல் பிரச்சினை இல்லை. தூசி அப்படியே ஒட்டிக்கொள்ளும், வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி நிழலில் காய வைக்கிறேன். வாங்கப் போகும்போது லென்ஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், அளவு ஒரு சுற்று பெரிதாக இருந்தால்கூட வண்டி குலுங்கும்போது கழன்று விழுந்துவிடும்.