கேழ்வரகா, சாமையா?

2016இல் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. 2023ஐ ஐநா சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனால் சிறுதானியப் பொட்டலங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பலர் ஆசையாக வாங்கி, ஒரு தடவை சமைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். எதில் தொடங்கலாம்?

அரிசிச் சோறு பழகிய வீட்டுக்குச் சாமை எளிது. ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். சாம்பார், தயிர் எதுவும் சேரும். பிள்ளைகளும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாமையின் உமியை நீக்கித்தான் ஆகவேண்டும், அதோடு தவிட்டையும் தீட்டிவிட்டால் நார்ச்சத்து பெருமளவு போய்விடும். பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை விட்டு, கொஞ்சம் மங்கலாக இருப்பதை எடுங்கள்.

கேழ்வரகில் அந்தக் கவலை குறைவு. தோல் விதையோடு ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் முழுசாகவே அரைக்கிறார்கள். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்; சாமையில் 20ஐத் தாண்டாது. வளரும் பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு நான் கேழ்வரகைத்தான் சொல்வேன். அடை, தோசை, புட்டு செய்யலாம். கூழ் வேண்டுமென்றால் முந்தின இரவே கரைத்துப் புளிக்க விடவேண்டும். வேலைக்கு ஓடும் காலையில் அது நடக்காது, சரி, சனிக்கிழமை செய்யலாம்.

அப்புறம், நீரிழிவுக்காரர்கள் இரண்டிலுமே அளவு பார்க்கவேண்டும். மாவுச்சத்து இரண்டிலும் நிறைய உண்டு, மாவைக் கரைத்த கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரமே ஏற்றும்.