தருமபுரியில் பல் அடைத்த அனுபவம்

லண்டனில் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பல் மருத்துவரிடம் புதிதாகப் பதிவு கிடைப்பது எவ்வளவு பெரும்பாடு என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், அதனால் ஊருக்குப் போகும்போதே பல் வேலையையும் முடித்துக்கொண்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை எனக்கு ஈறோரம் ஒரு சொத்தை, அம்மாவுக்கும் அதே மாதிரி ஒன்று. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தோம், அன்றைக்கே வரச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்த கையோடு கம்ப்யூட்டரில் காட்டிவிட்டார்கள். வேகத்தில் குறையே இல்லை.

ரிசப்ஷனில் இருந்த பெண்தான் கொஞ்சம் அளந்துவிட்டார். "ஃப்ளோரைடு வர்ற ஃபில்லிங் போட்டுக்கங்க, அப்புறம் சொத்தையே வராது." அம்மா விடுவாரா? "ஏம்மா, நம்ம ஊர்த் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடு பத்தாதா?"

கேட்டதில் நியாயம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், காவிப் பல்லோடு வளர்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (அதிக ஃப்ளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பு) தடுப்பும் சேர்ந்துதான் இருக்கிறது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த ஃபில்லிங் கிளாஸ் அயனோமர் சிமென்ட். ஃப்ளோரைடு கலந்த கண்ணாடித் தூளையும் பாலிஅக்ரிலிக் அமிலத்தையும் குழைத்தால் இறுகிவிடும், அந்தக் கண்ணாடியிலிருந்துதான் ஃப்ளோரைடு கசிகிறது. முதல் ஓரிரு நாள் நிறைய வரும், பிறகு சட்டென்று குறைந்து சொற்பமாக வந்துகொண்டிருக்கும், ஃப்ளோரைடு பேஸ்ட்டால் துலக்கினால் கொஞ்சம் திரும்ப ஏறிக்கொள்ளும். நிறைய என்றாலும் மைக்ரோகிராம் கணக்குதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரை நாளைக்கு 2 லிட்டர் குடித்தாலே 3 மில்லிகிராம் உள்ளே போய்விடுகிறது, அதோடு பார்த்தால் இதெல்லாம் தூசு. தவிர, பல்லில் காவி விழுவது சின்ன வயதில் எனாமல் உருவாகும்போதுதான், அம்மா வயதில் புதிதாக விழாது. அம்மா சமாதானமாகி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆனால் "சொத்தையே வராது" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆய்வகத்தில் ஃப்ளோரைடு வெளிவருவதை அளந்து காட்டலாம், வாயில் அது மட்டுமே அடைத்த பல்லில் மறுபடி சொத்தை வருவதைத் தடுக்கிறது என்பதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. ஈறோரத்துக்கு இதைப் போடுவதற்கு நல்ல காரணம் வேறு: பல்லோடு வேதியியல் முறையில் தானாகவே ஒட்டிக்கொள்ளும், பசை தனியாக வேண்டாம், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் காம்போசிட் (பல் நிறத்தில் இருக்கும் பிசின் ஃபில்லிங்) அளவுக்குச் சொதப்பாது. கடித்து மெல்லும் இடத்தில் தேய்ந்துவிடும் என்பதால் கடைவாய்ப்பல்லில் பெரிய குழி என்றால் காம்போசிட்டே மேல் என்று டாக்டரே சொன்னார். (1970 வாக்கில் இந்தச் சிமென்ட்டைக் கண்டுபிடித்ததே லண்டனில் இருந்த அரசு ஆய்வகத்தில்தான், நான் அதைத் தேடித் தருமபுரிக்கு வந்திருக்கிறேன்.)

போட்டு முடித்ததும் மேலே வார்னிஷ் தடவினார்கள், இறுகும்வரை எச்சில் படக்கூடாதாம். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், அன்றைக்கு அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஆனது, இங்கிலாந்தில் ஃபில்லிங் போன்ற வேலைக்கான என்.எச்.எஸ். கட்டணமான பேண்ட் 2-க்கு 2025-ல் ஒருவர் கட்டிய 75 பவுண்டுச் சொச்சத்தில் கால்வாசிகூட இல்லை. பில்லில் வெறும் 'ஃபில்லிங்' என்று போட்டிருந்தார்கள், எந்தப் பொருள், எந்தப் பல் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள், இங்கிலாந்து திரும்பிக் காட்டும்போது டாக்டருக்கு அதுதான் வேண்டும்.