மெத்தையா, மணலா, முட்டியா? பொடிசுகளை விழப் பழக்குவது

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்து எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் (ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா, பெருசுகள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) சாயங்காலம் திடலுக்கு வரும் பிள்ளைகளில் கால்பந்தில் கோல் காவலராக ஆசைப்பட்டு வருபவர் குறைவு. கடைசியாக வந்தவனோ, கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவனோ கோலில் நிறுத்தப்படுவான். "பாய்ஞ்சு பிடிடா!" என்று கத்துவோம். அவன் பாயமாட்டான். காலை நீட்டுவான்.

பந்தைக் கண்டு பயம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பந்துக்குப் பயந்த பிள்ளை முகத்தைத் திருப்பும். நான் பழக்கியவர்களில் பாதிக்கு மேல் பந்தைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். பக்கவாட்டில் சாயும்போதுதான் கையை ஊன்றினார்கள், இல்லையென்றால் பொத்தென்று பின்பக்கம் உட்கார்ந்தார்கள். அது தரைப் பயம். எந்த முறை அந்தப் பயத்தைத் தொடுகிறது என்பதுதான் என் தராசு.

முதலில் நாங்கள் வளர்ந்த முறை. ஐந்தடி தள்ளி நின்று பெரியவர்கள் ஓங்கி உதைப்பார்கள், விழுந்து விழுந்து நீயே கற்றுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கடை மாமா ஒருவர் இன்றும் இதற்குத்தான் வக்காலத்து வாங்குவார். "ஸ்பைடர்மேன் ஆறுமுகத்துக்கு யாருப்பா மெத்தை போட்டா?" என்பார். 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நம் கோலைக் காத்த நீளக் கைக்காரர், 1988இல் சாலை விபத்தில் போய்விட்டார், அவர் பெயரைச் சொன்னால் யார் எதிர்த்துப் பேச முடியும்? ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அப்படி உதை வாங்கி முழங்கை வீங்கி, மறுநாள் திடல் பக்கமே வராமல் போனவர்களின் பெயர் மாமாவுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஜெயித்தவனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா முறையும் நல்ல முறைதான்.

அடுத்தது மெத்தை. போன வருஷம் யாரோ வீசவிருந்த ஒன்றை வாங்கி வந்து நானே இதில் மயங்கினேன். ஒரே நாளில் எல்லாரும் பறந்தார்கள்! ஒருவன் வயிறு அடிக்கத் தவளை மாதிரி விழுவான், மெத்தை வாங்கிக்கொள்ளும். இன்னொருவன் முழங்கையை விலாவுக்கு அடியில் மடித்து விழுவான், அதையும் வாங்கிக்கொள்ளும். தப்பு எதுவும் வலிக்கவில்லை, அதனால் எதுவும் திருந்தவில்லை. மூன்றாம் வாரம் புல்லில் ஓர் ஆட்டம். மெத்தையில் சூரனாக இருந்தவன் முதல் பாய்ச்சலிலேயே முழங்கையில் இறங்கினான். அழவில்லை. ஆனால் ஆட்டம் முடியும்வரை மறுபடி விழவும் இல்லை. அது என் தப்பு, அவனுடையது அல்ல.

மணல், அதாவது பள்ளியின் நீளம் தாண்டும் குழி, மெத்தையைவிடத் தேவலை. ஆனால் கால் புதைவதால் உந்தி எழும்ப முடியாது. பூனைகளும் அதைக் கழிப்பறையாக்கி வைத்திருக்கின்றன. மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இப்போது நான் நம்புவது முட்டி முறை: உட்கார்ந்து, முட்டி போட்டு, குந்தி, நின்று, கடைசியில் ஓடி. பத்து வயதுப் பிள்ளை நிற்கும்போது இடுப்பு தரையிலிருந்து ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர். குந்தினால் அதில் பாதிகூட இல்லை. உயரம் பாதியானால் விழும் அடியும் பாதி. பயமும் அப்படியே இறங்குகிறது.

நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமியிடம் இதைப் பார்த்தேன். மத்தியான மழை விட்ட நேரம், ஈரப் புல். முட்டி போட வைத்து, கை எட்டாத தூரத்தில் ஒரு சாண் தள்ளி நான்காம் எண் பந்தை (சிறுவர் அளவு) அசையாமல் வைத்தேன். உருட்டவில்லை, எறியவில்லை. முதலில் கை ஊன்றினாள். "ரெண்டு கையும் பந்துக்குத்தான், தரைக்குக் கிடையாது" என்றேன். ஒரு கை பந்துக்குப் பின்னால், ஒரு கை மேலே, தரைதான் மூன்றாவது கை. அடுத்த முறை தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, விலா, தோள் என்று வரிசையாக, ஆடுநாற்காலியின் அடிக்கட்டை போலச் சாய்ந்தாள். சத்தமே வரவில்லை. எழுந்து என்னைப் பார்த்து, "இவ்ளோதானா, சார்?" என்றாள்.

நிற்கும் கட்டத்தில் இன்னொன்று சேரும்: பந்து வரும் பக்கத்துக் காலை மூலைவாட்டில் முன்னால் வைக்க வேண்டும். நேர்ப்பக்கமாகவோ பின்னாலோ பாய்ந்தால் பந்து முந்திக்கொள்ளும். அப்போதும் 7.32 மீட்டர் அகலமுள்ள பெரிய கோலில் நிறுத்துவதில்லை. மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டு சிலிப்பர் போதும். நீளக் கால்சட்டை கட்டாயம். வெயிலில் தரை இறுகிய நாளில் விழும் பயிற்சியே கிடையாது, பந்து பிடிப்பதோடு சரி.

இதன் குறை, சலிப்பு. அசையாத பந்தின்மேல் ஆயிரம் முறை சாய்ந்தவனுக்கும், உதைப்பவனின் காலைப் படித்து எப்போது பாய்வது என்று தெரியாது. அங்கேதான் மாமாவின் முறை தேவைப்படுகிறது. அதனால் ஆறாம் வாரம் அவரையே திடலுக்குக் கூப்பிட்டேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்தடியில் வந்து நின்றார். பத்தடி பின்னால் தள்ளி நிறுத்தினேன். உதைத்தார். அந்தச் சிறுமி இடதுபக்கம் சாய்ந்து பந்தை அமுக்கினாள்.

"இன்னொன்னு உதைக்கவா?" என்றார் மாமா.

"மெதுவா, மாமா. வரிசையில இன்னும் நாலு பேரு நிக்கிறாங்க."