நாட்டுத் தலைமைக்கு எது நல்லது: முடியாட்சியா, நிறைவேற்றதிகாரம் இல்லாத சம்பிரதாய ஜனாதிபதியா?

திருகோணமலை பிரெட்றிக் கோட்டையின் பெயரே ஓர் இளவரசருடையது. 1972 மே 22 வரை நமக்கும் பிரித்தானிய முடிதான் தலைமை.

செலவு
முடி: பிரித்தானியாவின் 2025-26 அரச மானியம், அதாவது மன்னரின் பணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம், 13.21 கோடி பவுண். பக்கிங்ஹாம் அரண்மனைத் திருத்த வேலையும் இதில் அடக்கம். பொலிஸ் பாதுகாப்பு அடங்காது. அதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். முடியின் பெயரிலுள்ள நிலங்களின் (Crown Estate) வருமானம் இதை ஈடுகட்டுகிறது என்பார்கள். அந்த நிலம் மன்னரின் தனிச்சொத்து அல்ல, ஆகவே அந்த வாதம் நிற்காது.
ஜனாதிபதி: அயர்லாந்தில் ஒருவர், ஒரு மாளிகை. தேர்தல் செலவைச் சேருங்கள்.

மாற்றுவது
முடி: வாரிசு வழி; வாக்குக்கு இடமில்லை.
ஜனாதிபதி: அயர்லாந்தில் 7 ஆண்டுத் தவணை.

கட்சி சாராத் தலைமை வேண்டும், அரண்மனைகளும் ஏற்கெனவே உண்டு என்றால் முடி பொருந்தும். புதிதாகத் தொடங்கினால் அயர்லாந்து வழிதான் நல்லது. இலங்கை 1978இல் செய்ததுபோல் நிறைவேற்றதிகாரத்தையும் அதே கதிரையில் ஏற்றினால், அது வேறு கணக்கு.