"வருடத்தில் ஒரு வாரம் உங்களுக்குச் சொந்தம்" என்று கூப்பிட்டால்: திருகோணமலைக்காரருக்கு ஓர் எச்சரிக்கை

அந்தத் தொலைபேசி அழைப்புகள் ஊருக்குள் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கின்றன. கடையில் குலுக்கலுக்கென்று நிரப்பிக் கொடுத்த சீட்டில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது, இரண்டு இரவு இலவசமாகத் தங்கலாம், பரிசுக் கூப்பனை வாங்க ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்கு வாருங்கள் என்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வரவேண்டும் என்று அழுத்திச் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டுக்கு அழைப்பு வந்துவிட்டது. ஓகஸ்ட்டில் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கும் நேரத்தில் இது இன்னும் கூடும். அந்த அழைப்புக்குப் பின்னால் இருப்பது டைம்ஷேர், அதாவது ஹோட்டல் அறையில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை விற்கிற வியாபாரம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டுச் செலவை இன்றும் கொப்பியில் எழுதி வைப்பவர், யாரிடமும் கடன்பட்டதில்லை. இப்படி ஒரு அழைப்பை நம்பிப் போன அவரிடமிருந்து பணிக்கொடைக் காசில் 9 இலட்சம் ரூபாவை வாங்கிவிட்டார்கள். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபம். மேசைக்கு ஒரு குடும்பம், கூடவே அவர்களுடைய ஆள் ஒருவர். பக்கத்து மேசையில் பேசுவது கேட்காத அளவுக்குப் பாட்டு. முதல் ஒரு மணித்தியாலம் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள், கடைசியாகக் குடும்பமாக எங்கே போனீர்கள் என்று அன்பாக விசாரிப்புத்தான். அக்கா சொன்னதையெல்லாம் அவர்களுடைய மேசையில் இருந்த விற்பனைப் பிள்ளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தாளாம். மகள் ஓகஸ்ட்டில் பேரப்பிள்ளைகளோடு வருவாள் என்பதும், அத்தானுக்கு ஏப்ரலில் நுவரெலியா போக ஆசை என்பதும் அந்தத் தாளில் ஏறிவிட்டன. பிறகு அந்த இரண்டையும் வைத்துத்தான் விற்றார்கள். "ஓகஸ்ட்டில் பேரப்பிள்ளைகள் நிலாவெளிக் கடலில் விளையாடுவார்கள் சேர், ஏப்ரலில் நீங்களும் அன்ரியும் நுவரெலியாவில் இருப்பீர்கள்."

90 நிமிடம் என்று கூப்பிட்டவர்கள் பின்னேரம் வரை விடவில்லை. 18 இலட்சம் என்று தொடங்கி, மனேஜர் என்று ஒருவர் வந்து அதே தாளில் சிவப்புப் பேனாவால் வெட்டி 13 ஆக்கி, அதற்குப் பிறகு இன்னொருவர் வந்து 9 ஆக்கினார். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை, வாசலைத் தாண்டினால் இல்லை. நடுநடுவே யாரோ ஒரு மேசையில் கையெழுத்து வைத்தால் மணி அடிப்பார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள். முற்பணத்தைக் கடனட்டையில் எடுத்தார்கள், மிச்சத்துக்குப் பின்திகதியிட்ட காசோலைகள் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் பரிசுக் கூப்பனில் சாப்பாடும் வரியும் நம் செலவு, சனி ஞாயிறு செல்லாது.

மண்டபத்தில் பேசியது அவ்வளவும் வாய்ப்பேச்சு. அந்த ஒப்பந்தத்தை நான் பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். வாங்க நினைக்கிற ஒவ்வொருவரும் அதை மண்டபத்துக்கு வெளியே, வீட்டில் இருந்து வாசிக்க வேண்டும்.

டைம்ஷேர் என்பது இதுதான். ஒரு விடுதி அறையை 52 வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் வேறு வேறு ஆட்களுக்கு விற்பது. 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய முறை. சில இடங்களில் இன்ன இலக்க வாரம் என்று நிலையாகத் தருவார்கள், சில இடங்களில் மிதக்கும் வாரம், அதாவது இடம் இருந்தால் கேட்டு எடுக்க வேண்டும். இப்போது கூடுதலாகப் புள்ளிக் கணக்கில் விற்கிறார்கள், அதாவது வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகளை வாங்கி, அவற்றைக் கொடுத்துத் தங்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒரே காலத்தில் விடுமுறை எடுக்கிறவர்கள், ஒரு வருடம் முன்பே பதிவு செய்யக்கூடியவர்கள் சிலர் இதைப் பிரயோசனமாகப் பாவிக்கவும் செய்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அத்தானுக்கு விற்றது மிதக்கும் வாரம், அதிலும் நீல நிறம்.

இந்த நிறக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின் பின்னால் ஒரு நாட்காட்டி இணைத்திருந்தார்கள். சிவப்பு என்றால் கிராக்கி கூடிய காலம், வெள்ளை நடுத்தரம், நீலம் கிராக்கி குறைந்த காலம். இந்தத் தொழிலில் பல இடங்களில் இருக்கிற வழக்கம்தான் இது. அந்தத் தாளில் நிலாவெளிக்கு மே முதல் செப்டெம்பர் வரை முழுக்கச் சிவப்பு. நவம்பர், டிசெம்பர், ஜனவரி நீலம். நமக்குத் தெரியாத காலமா அது? வாடைக்காற்றும் மாரி மழையும், கடல் குமுறிக்கொண்டு இருக்கும். புறாத்தீவுக்குப் படகு போவதே சந்தேகம். பேரப்பிள்ளைகளைக் கரையில் இறக்க முடியாது. நுவரெலியாவுக்கோ ஏப்ரல் சிவப்பு. அது அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கிற மாதம், நாடே அங்கே போய் நிற்கும். நீலம் விழுந்தது தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஜூன், ஜூலையில். ஆக, கிழக்கில் மழை பெய்யும்போது கிழக்கு, மலையில் மழை பெய்யும்போது மலை. இதைத்தான் 15 வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்தில் காட்டிய படங்களில் ஒரு துளி மழை இல்லை.

மகள் வரப்போகிறாள் என்று அக்கா மாசியிலேயே ஓகஸ்ட் வாரத்தைக் கேட்டு எழுதினா. "இடம் நிறைந்துவிட்டது" என்று வட்ஸ்அப்பில் பதில் வந்தது. அதே ஹோட்டலில் அதே வாரத்துக்கு வெளியாள் போலப் பதிவுத் தளத்தில் தேடினேன், அறை இருந்தது. நேரில் கேட்டபோது, அங்கத்தவர்களுக்கு ஒதுக்கிய அறைகள் வேறு, பொதுவில் விடுகிற அறைகள் வேறு என்றார்கள். எத்தனை அறை ஒதுக்கியிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதாம். வாங்குவதற்கு முன் இந்த இரண்டு எண்ணிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது பராமரிப்புக் கட்டணம். 9 இலட்சத்தோடு முடிந்தது என்றுதான் அத்தான் நினைத்திருந்தார், ஏனென்றால் மேசையில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. கம்பனி காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும் தொகையை, வாரத்தைப் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும், வருடாவருடம் கட்டவேண்டும் என்று. உச்சவரம்பு எதுவும் இல்லை. முதல் வருடம் 42,000 ரூபா வந்தது. இப்போது 61,000. கட்டணம் நிலுவை என்றால் அறை தரமாட்டார்கள், நிலுவைக்கு வட்டியும் உண்டு. உலகம் முழுக்க டைம்ஷேர் வாங்கியவர்கள் கடைசியில் அழுவது இந்தக் கட்டணத்தை நினைத்துத்தான். கூரையை மாற்றினோம், நீச்சல் குளத்தைத் திருத்தினோம் என்று விசேட அறவீடும் சில இடங்களில் வரும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9 இலட்சத்தை 15 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 60,000. அதோடு 61,000 சேர்ந்தால் 121,000. ஏழு இரவுக்கு அது. ஒரு இரவுக்கு 17,000 ரூபாவைத் தாண்டுகிறது, அதுவும் மழைக்காலத்தில், ஹோட்டல்கள் தாங்களாகவே விலையைக் குறைத்து விடுகிற காலத்தில். அந்த 9 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டு 8 வீத வட்டி வந்தால்கூட வருடம் 72,000 ரூபா கையில் இருக்கும், முதலும் கரையாது. அந்த வட்டிக் காசுக்கு, விரும்பிய மாதத்தில், விரும்பிய ஊரில் அறை எடுக்கலாம்.

"வெளிநாட்டிலும் மாற்றித் தங்கலாம்" என்பது இன்னொரு தூண்டில். உங்கள் வாரத்தை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் ஒரு வாரம் தருகிற பரிமாற்ற நிறுவனங்கள் இருப்பது உண்மை. ஆர்சிஐ 1974 இலிருந்து இருக்கிறது, இன்ரர்வல் இன்ரர்நஷனல் 1976 இலிருந்து. ஆனால் அவற்றில் சேரத் தனி அங்கத்துவக் கட்டணம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்னொரு கட்டணம். நீங்கள் கொடுக்கிற வாரத்துக்கு என்ன கிராக்கியோ அதற்கு ஏற்றதுதான் திரும்பக் கிடைக்கும். நவம்பர் மாத நிலாவெளியைக் கொடுத்துவிட்டு ஓகஸ்ட் மாத ஸ்பெயினை எதிர்பார்க்க முடியாது. விற்பவர் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், உண்மையாக இணைந்திருக்கிறார்களா என்று அந்த நிறுவனத்திடமே கேட்டு அறியுங்கள்.

"சொந்தம்" என்று மண்டபத்தில் எத்தனை தடவை சொன்னார்களோ தெரியாது. நம் நாட்டில் காணியிலோ கட்டடத்திலோ உங்களுக்கு உரிமை வருகிறது என்றால் அது நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, உறுதிப் பத்திரமாக எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. பிறகு காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அத்தானிடம் இருப்பது கம்பனியின் முத்திரை குத்திய அங்கத்துவப் பத்திரம் ஒன்று. உறுதி இல்லை, பதிவு இல்லை. கம்பனி நாளைக்கு மூடிவிட்டாலோ, ஹோட்டல் கைமாறினாலோ இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? ஆகவே முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: உறுதி தருகிறீர்களா, இல்லை அங்கத்துவம் மட்டுமா? தங்குமிடம் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்ததா? ஹோட்டல் உங்களுடையதா, அல்லது அறையை வாடகைக்கு எடுத்து விற்கிறீர்களா?

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/122 பணிப்புரையின்படி டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம், அந்த 14 நாளுக்குள் முற்பணம் வாங்குவதே கூடாது. பிரித்தானியாவிலும் 2010 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் அதே மாதிரியான விதி இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 10 நாள். ஸ்பெயினில் உச்ச நீதிமன்றம் 2015 இலிருந்து, முடிவுத் திகதி இல்லாமல் விற்ற பல ஒப்பந்தங்களைச் செல்லாது என்று தள்ளியிருக்கிறது. இத்தனை நாடுகள் சட்டம் போட்டு யோசிக்க நாள் கொடுத்திருக்கின்றன என்றால், அந்த மண்டபத்து அவசரம் எதற்கு என்பது விளங்கும். உங்களுக்குத் தருகிற ஒப்பந்தத்தில் விலகல் காலம் இருக்கிறதா என்று தேடுங்கள். அத்தானுடையதில் இருந்த வாசகம் "செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்பது.

விற்றுவிடலாமே என்று கேட்பீர்கள். வாங்க ஆள் இல்லை. அமெரிக்காவிலேயே இரண்டாம் கையாக விற்கப்போனால் பலருக்குக் கொடுத்த காசில் ஒரு சிறு பங்குகூடத் திரும்புவதில்லை, சும்மா கொடுத்தாலும் கட்டணத்துக்குப் பயந்து எடுக்கமாட்டார்கள்.

இங்கேதான் இரண்டாவது கொள்ளை காத்திருக்கிறது. கொஞ்ச நாளில் வேறு ஒருவர் அக்காவுக்கு எடுத்தார். "அன்ரி, உங்கள் அங்கத்துவத்தை 14 இலட்சத்துக்கு வாங்க ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கிறார், மாற்றுக் கட்டணம் 85,000ஐ மட்டும் முதலில் வைப்பிலிடுங்கள்" என்றார். அத்தானின் அங்கத்துவ இலக்கம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா ஃபோனை என்னிடம் தந்தா. அந்த 85,000ஐ விற்ற காசில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன், துண்டித்துவிட்டார். இது சின்ன விஷயம் இல்லை. மெக்சிக்கோவில் ஹலிஸ்கோ போதைப்பொருள் கும்பலோடு சேர்ந்தவர்கள் இதே வித்தையை வைத்து அமெரிக்க முதியவர்களிடம் பணம் பறித்ததற்காக, அமெரிக்கத் திறைசேரி 2023 இல் பல ஆட்கள் மீதும் கம்பனிகள் மீதும் தடை விதித்தது. விற்றுத் தருகிறேன், ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துத் தருகிறேன் என்று யார் முற்பணம் கேட்டாலும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டீர்களா? நேற்றோ முந்தாநாளோ என்றால் இன்றைக்கே விலகுகிறேன் என்று கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னோம் என்று இருந்துவிடாதீர்கள். கடனட்டையில் போன காசு என்றால் அட்டை தந்த வங்கிக்கு உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள், அதற்குக் கால எல்லை உண்டு. காசோலை கொடுத்திருந்தால் வங்கிக்குப் போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், நாமாக நிறுத்தினால் வேறு சிக்கல் வரலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். மண்டபத்தில் அவர்கள் கிறுக்கிய தாள்கள், விலை வெட்டிய தாள், வட்ஸ்அப் செய்திகள் எதையும் எறிய வேண்டாம். அந்தச் சிவப்புப் பேனாத் தாளை அத்தான் மடித்து வைத்திருந்தார். ஓகஸ்ட், ஏப்ரல் என்று அந்தப் பிள்ளை தன் கையால் அதில் எழுதியிருந்ததுதான் இப்போது எங்கள் முறைப்பாட்டில் முதல் இணைப்பு.