தவளை வாழ்க்கை வட்டம் பிளாஸ்ரிக் செற்: மாரிக்கு முதல் வாங்குறவைக்கு

இந்த செற் எப்பிடி, வாங்கலாமா எண்டு மகளிட நேர்சரி அம்மாமார் நாலஞ்சு பேர் வட்ஸ்அப்ல கேட்டுட்டினம், ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டுப் போட்டு எனக்கு தொண்டை காஞ்சு போச்சு, அதால ஒரேயடியா எழுதி விடுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

செற் எண்டது இதுதான். முட்டைக் கட்டி ஒண்டு, வாற்பேத்தை ஒண்டு, பின்னங்கால் வந்த வாற்பேத்தை ஒண்டு, வால் இன்னும் இருக்கிற குட்டித் தவளை ஒண்டு, பெரிய தவளை ஒண்டு, மொத்தம் அஞ்சு பிளாஸ்ரிக் உருவம். அதோட அஞ்சு பட அட்டையும், அம்புக்குறி போட்ட வட்ட மட்டை ஒண்டும். முதல்ல திருகோணமலை டவுணுக்குள்ள தேடினன், மத்திய வீதியில ரெண்டு மூண்டு புத்தகக் கடை ஏறி இறங்கியும் சுவர்ல ஒட்டுற பட சாட் மட்டும்தான் கிடைச்சுது, அதுவும் வண்ணத்துப்பூச்சி. பிறகு ஒன்லைன்ல ஓடர் பண்ணினது, டெலிவறியோட 2450 ரூபா. கொழும்பில இருந்து அன்புவழிபுரத்துக்கு வர ஆறு நாள் எடுத்துது. பெட்டி நசுங்கி வந்தாலும் உள்ளுக்கு ஒண்டுக்கும் சேதமில்ல.

பிளாஸ்ரிக் தரத்தில குறை சொல்ல ஏலாது. முதல் ரெண்டு நாள் ஒரு மணம் இருந்துது, சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயில்ல வச்சாப் பிறகு போயிட்டு. மகள் வாளித் தண்ணிக்குள்ள எத்தினை தரம் ஊறப் போட்டிருப்பாள் எண்டு கணக்கில்ல, சாயம் போகேல்ல. கால் விரல், தோலில இருக்கிற சொரசொரப்பு எல்லாம் கையால தடவிப் பாத்தாத் தெரியுது. ஆனா வாற்பேத்தை சரியா வாய்க்குள்ள போற சைஸ், எங்கட சின்னவனுக்கு ரெண்டரை வயசு, வந்த முதல் நாளே வாய்க்குள்ள போட்டுட்டான், விரலை விட்டு எடுத்தன். சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரர் அந்த ஒண்டை மட்டும் தனியா எடுத்து மேல வையுங்கோ.

இனி என்ட முறைப்பாடு.

முதலாவது, அஞ்சும் ஒரே சைஸ்! முட்டைக் கட்டி எலுமிச்சம்பழம் அளவு, வாற்பேத்தையும் அதே நீளம், தவளையும் அதே. பிள்ளை அதைப் பாத்துட்டு முட்டையும் தவளையும் ஒரே அளவு எண்டு நேர்சரில போய் சொல்லியிருக்கு. ரெண்டாவது, பெரிய தவளை எண்டு குடுத்திருக்கிறது பச்சை உடம்பு, சிவப்புக் கண், ஒறேஞ்ச் கால். அது நடு அமெரிக்கக் காட்டில இருக்கிற செங்கண் மரத்தவளை, பாக்க வடிவுதான், ஆனா அந்தத் தவளை தண்ணிக்குள்ள முட்டை இடாது, தண்ணிக்கு மேல தொங்குற இலையில இடும். பாம்பு வந்து முட்டையைத் தின்னத் தொடங்கினா மிச்ச முட்டையெல்லாம் நாள் வர முதலே அவசரமாப் பொரிச்சு தண்ணிக்குள்ள விழுந்து தப்புமாம், வாசிச்சு நானே வாயைப் பிளந்துட்டன். செற்றில இருக்கிற முட்டையோ தண்ணியில மிதக்கிற கட்டி. அப்ப முட்டை ஒரு தவளையிட, தாய் வேற தவளை!

மூண்டாவதுதான் பெரிய பிழை. நாலாவது பட அட்டையில வால் "விழுந்திடும்" எண்டு இங்கிலிசில போட்டுக் கிடக்கு. வால் விழுறேல்ல. உடம்புக்குள்ளயே கரைஞ்சு போகுது, அந்த நேரம் வாய் குடல் எல்லாம் மாறுறதால அதுக்கு சாப்பிட ஏலாது, வாலில இருந்துதான் சத்து எடுக்குது. நான் அந்த வசனத்தை வெள்ளைப் பேப்பர் ஒட்டி மறைச்சு தமிழில எழுதி விட்டன். அஞ்சு அட்டைக்கும் தமிழ் எழுதத்தானே வேணும், அதோட இதுவும் ஒரு வேலை.

வந்தது புரட்டாசி, நல்ல வெயில். முதல் மூண்டு கிழமை சும்மா காசு போச்சு எண்டுதான் நினைச்சன். வட்டத்தில அடுக்கச் சொன்னா ரெண்டு தரம் அடுக்கினாள், மூண்டாந்தரம் மீன்கடை போட்டுட்டாள். "அம்மா வாற்பேத்தை கிலோ எண்ணூறு, வெட்டித் தரவா?" இதுதான் நடந்துது. கேட்டா வாழ்க்கை வட்டம் ஒப்பிப்பாள், முட்டை வாற்பேத்தை தவளை எண்டு பாட்டு மாதிரி வரும், ஆனா வாற்பேத்தை எண்டா என்ன எண்டு கேட்டா மீன் எண்டுவாள்.

ஐப்பசி கடைசியில மாரி பிடிச்சுது பாருங்கோ, அங்கதான் எல்லாம் மாறினது. எங்கட வளவுக்குப் பின்னால ஒரு வெட்டுவாய்க்கால், மழை பெய்ஞ்ச ராத்திரி படுக்க விடாது, அவ்வளவு சத்தம். சின்னனில நாங்கள் சண்டை பிடிச்சா "மாரித்தவளை மாதிரிக் கத்தாதைங்கோடி" எண்டு அம்மா ஏசுவா, அதை இப்ப அம்மம்மாவா இருந்து பேத்திக்கு சொல்லுறா. கத்துறது முழுக்க ஆண் தவளை, பெண்ணைக் கூப்பிடுறதுக்குத்தான் எண்டு நான் சொல்ல, "அப்ப அப்பா மாதிரி" எண்டாள் மகள். இவர் ஒண்டும் பேசேல்ல.

ரெண்டு நாளில வாய்க்கால் ஓரத்தில புல்லைச் சுத்தி நீட்டு நூல் மாதிரி, கறுப்பு மணி கோத்த மாதிரி கிடந்துது. தேரை முட்டை. செற்றில இருக்கிற மாதிரிக் கட்டியா இல்லயே எண்டு மகள் உடன கேட்டாள். தேரை எண்டா நூல் மாதிரி, தவளையள் கனக்க கட்டி மாதிரி இடும் எண்டு அண்டைக்குத்தான் நானும் சரியா விளங்கிக்கொண்டன். ஒரு சின்னத் துண்டு மட்டும், அதே வாய்க்கால் தண்ணியோட பேசின் ஒண்டில எடுத்து வச்சம். கண்டபடி அள்ளாதைங்கோ, பத்துப் பதினைஞ்சு முட்டை காணும்.

வளக்கிற ஆக்களுக்கு நாங்கள் பட்டு அறிஞ்சதைச் சொல்லுறன். பைப் தண்ணியை நேர ஊத்தக் கூடாது, குளோரின் கிடக்கு, ஒரு நாள் வாய் அகண்ட சட்டியில திறந்து வச்சிட்டுப் பாவிக்கலாம், இல்லாட்டி மழைத்தண்ணி திறம். கடற்கரைப் பக்கம் இருக்கிறவை, திருக்கடலூர், மனையாவெளிப் பக்கம், உங்கட கிணறு உவரா இருந்தா அதை ஊத்தாதைங்கோ, அதுகளிட தோலுக்கு உப்பு ஆகாது. பொரிச்ச உடன சாப்பாடு போடத் தேவையில்ல, ஒண்டு ரெண்டு நாள் அந்த ஜெலியிலேயே ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும், செத்துப் போச்சு எண்டு மகள் அழுதாள், சாகேல்ல. பிறகு பசளி இலையை நல்லா அவிச்சு நகக்கண் அளவு போட்டாக் காணும், கூடப் போட்டா தண்ணி நாறும். கிறீம், நுளம்பு மருந்து பூசின கையை விடக் கூடாது, தொட்டாப் பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவோணும். பெரிய தேரையிட கண்ணுக்குப் பின்னால இருக்கிற வீக்கத்தில நஞ்சு இருக்கு, அதைத் தொட்ட கையைக் கண்ணில வைக்க விடாதைங்கோ.

இப்பதான் செற்றுக்கு உயிர் வந்தது. பின்னேரம் நேர்சரியால வந்த உடன பேசினை எட்டிப் பாத்து, இண்டைக்கு எது மாதிரி இருக்கு எண்டு அஞ்சில ஒண்டைத் தெரிஞ்சு பேசினுக்குப் பக்கத்தில வைக்கிறது அவளிட வேலை. நான் சொல்லிக் குடுக்கேல்ல, தானாக் கண்டுபிடிச்ச விளையாட்டு. பதினைஞ்சு இருவது நாளா ஒரே வாற்பேத்தைதான், சலிச்சுப் போனாள். பிறகு ஒரு நாள் பூதக்கண்ணாடியால பாத்திட்டு "கால்! கால்!" எண்டு கத்தினாள், வாலடியில ரெண்டு சின்ன முளை. பின்னங்கால் மெல்ல மெல்லத்தான் வந்துது, ஆனா முன்னங்கால் ராத்திரி இல்ல, காலமை இருக்கு. அது உள்ளுக்கே வளந்து தோலைப் பிச்சுக்கொண்டு வருமாம். பின்னுக்கும் முன்னுக்கும் கால் வந்து, நீட்டு வாலும் இருக்கிற ஒரு கட்டம் கிடக்கு, அது செற்றில இல்ல, அங்க இருக்கிறது வால் குறுகினது. இவள் களிமண்ணில செய்து ஆறாவதாச் சேத்துட்டாள்.

இந்த இடத்தில நான் ஒரு பிழை விட்டன். முன்னங்கால் வந்த உடன ஏறி இருக்க ஒரு கல்லோ சிரட்டையோ வச்சிருக்கோணும், அதுகள் அப்ப நுரையீரலால மூச்சு விடத் தொடங்குறதால தண்ணிக்குள்ளயே கிடந்தா மூழ்கிப் போகும். நான் நாளைக்கு வைப்பம் எண்டு விட்டன், காலமை ரெண்டு செத்துக் கிடந்துது. மகளுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாம உண்மையைத்தான் சொன்னன், அம்மா மறந்துட்டன் எண்டு. ரெண்டையும் வாழையடியில தாட்டாள். உங்களுக்கு அப்பிடி வர வேண்டாம், கால் முளைக்க முதலே சிரட்டையைக் கவிட்டு வச்சிடுங்கோ.

அஞ்சாம் கிழமை குட்டித் தேரையள் வெளில வந்துது. சுண்டுவிரல் நகத்தளவு, வாற்பேத்தையா இருந்ததவிடச் சின்னன்! வளந்தா பெரிசாகும் எண்டுதானே பிள்ளைக்கு விளங்கும், இது சின்னதாகிப் போச்சு. அண்டைக்குத்தான் அவளே அஞ்சையும் தூக்கிக் கொண்டுவந்து "இது சைஸ் பிழை அம்மா" எண்டாள். முறைப்பாடு நம்பர் ஒண்டு, அஞ்சு வயசுப் பிள்ளையிட வாயால!

வாற்பேத்தை மீனில்லாட்டி எப்பிடித் தண்ணிக்குள்ள மூச்சு விடுது எண்ட கேள்விக்கு அந்த அட்டையால ஒண்டும் விளங்கப்படுத்த ஏலாமப் போச்சு. பிறகு மீன் வாங்கேக்க கூட்டிக்கொண்டு போய், அம்மம்மா மீன்ர பூவை, செவுளைத்தான் சொல்லுறன், தூக்கி சிவப்பா இருக்கோ எண்டு பாக்கேக்க இதுதான் எண்டு காட்டினன். மீனுக்குப் பூ கடைசி மட்டும் இருக்கும், வாற்பேத்தைக்கு வளர வளர இல்லாமப் போகும். ஒரு நிமிச வேலை.

செற்றோட சேத்து வீட்டில செய்யக் கூடியது ஒண்டு சொல்லுறன், காசே இல்ல. சர்பத்துக்குப் போடுற கசகசாவை (சப்ஜா விதை) தண்ணியில ஊறப் போடுங்கோ. பத்து நிமிசத்தில நடுவில கறுப்புப் புள்ளி, சுத்திவர ஜெலி, அச்சு அசல் தவளை முட்டை. கையால அளைஞ்சு பாக்கலாம், வழுக்கும், நசியாது. மகளிட கூட்டாளிப் பிள்ளையள் அஞ்சு பேர் ஒருநாள் வந்தவை, எல்லாரும் முழங்கை வரைக்கும் விட்டு அளைஞ்சவை. பிறகு வேற கிளாசில நன்னாரி ஊத்திக் குடுத்தா ரெண்டு பேர் குடிக்க மாட்டம் எண்டுட்டினம். செற்றில இருக்கிற கெட்டிப் பிளாஸ்ரிக் முட்டையவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொண்டு. எங்கட பாத்றூமுக்குள்ள வந்து சுவரில ஒட்டிக்கொண்டிருக்கிற மண்ணிறத் தவளை தெரியும்தானே, எல்லார் வீட்டிலயும் இருக்கும். அதுவும் மரத்தவளைதான். கார்த்திகையில ஒரு காலமை சீமெந்துத் தொட்டி உள்விளிம்பில வெள்ளையா நுரை மாதிரி ஒட்டிக் கிடக்கு, நான் இவர் ஷேவ் பண்ணிட்டுத் துடைச்சிருக்கிறார் எண்டு நினைச்சு ஏசியும் போட்டன். அது அந்தத் தவளையிட கூடு. பெண் தவளை பின்னங்காலால அடிச்சு அடிச்சு நுரையாக்கி அதுக்குள்ள முட்டை இடும், வெளில காய்ஞ்சு தோல் பிடிக்கும், உள்ளுக்கு ஈரம் இருக்கும், கொஞ்ச நாளில வாற்பேத்தையள் சொட்டுச் சொட்டாத் தண்ணிக்குள்ள விழும். அதைப் பாத்திட்டு மகள் செற்றைத் தூக்கிக்கொண்டு வந்து "இதில எது எங்கட தவளையிட முட்டை" எண்டா, ஒண்டுமில்ல! பேபி ஷாம்புவை முட்டை அடிக்கிற சாமானால நுரைக்க அடிச்சு, கசகசா கலந்து, தொட்டிச் சுவரில அப்பி விட்டம். சிங்கராஜாப் பக்கம் ஈரக் காட்டில இருக்கிற சின்னத் தவளையள் சிலது இன்னும் மோசம், வாற்பேத்தையே வெளில வராது, முட்டைக்குள்ளயே எல்லாம் முடிச்சுக் குட்டித் தவளையாக் குதிக்கும், அதுகளுக்கு இந்தச் செற்றில மூண்டு உருவம் வீண்.

ஒரு எச்சரிக்கை, டெங்கு. மாரி நேரம் விறாந்தையில தண்ணிப் பேசின் வச்சிருந்தா செக் பண்ண வாற ஆக்கள் சும்மா விடமாட்டினம், வாற்பேத்தை நுளம்புக் குடம்பியைத் தின்னும் எண்டு நம்பி இருக்கவும் கூடாது. நாங்கள் பழைய நுளம்பு வலைத் துண்டை மேல இழுத்துக் கட்டி, ரெண்டு நாளுக்கு ஒருக்கா பாதித் தண்ணி மாத்தினம். வந்தவர் வலையைத் தூக்கிப் பாத்திட்டு, மகளிட பிளாஸ்ரிக் வரிசையையும் பாத்திட்டு, சிரிச்சுக்கொண்டு போயிட்டார்.

அப்ப வாங்கலாமா? மூண்டு ஸ்ரார். வாய்க்காலோ குளமோ கிட்ட இருக்கிறவை, தம்பலகாமம், கிண்ணியா, சாம்பல்தீவுப் பக்கம், வாங்கினா நல்லாப் பிரயோசனப்படும், ஆனா ஐப்பசியில வாங்குங்கோ, சித்திரையில வாங்கினா மீன்கடைதான். 1500க்குள்ள வந்தா யோசிக்காம எடுக்கலாம், பட அட்டை இல்லாத செற் மலிவு எண்டா அதே காணும். நேர்சரி ரீச்சர்மார் எண்டா ரெண்டு செற் எடுங்கோ, ஒண்டு காணாது, இருவது பிள்ளையள் அஞ்சு உருவத்துக்கு அடிபடும்.

எங்கட செற்றில இப்ப நாலுதான் இருக்கு, முட்டைக் கட்டியைக் காணேல்ல, சின்னவனைக் கேட்டா "பொரிச்சிட்டு" எண்டுறான்.