திருமலையிலிருந்து மேற்படிப்பு: பேராதனையா, இந்தியாவா, லண்டனா, அமெரிக்காவா?

பட்டம் முடிக்கப்போகும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேற்படிப்புக்கு எந்த நாடு நல்லது?" கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை, கோணேசபுரி வளாகத்தில் படித்தவர்களும் கேட்கிறார்கள், வந்தாறுமூலையிலும் பேராதனையிலும் படித்துவிட்டு வீடு திரும்பியவர்களும் கேட்கிறார்கள். நாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் காசைப் பற்றிப் பேச வேண்டும். படிப்புச் செலவை யார் தாங்குவது, அது எந்தக் கட்டத்தில் உங்கள் கையை விட்டுப் போகிறது, இடம் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பி வராது? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், இங்கிருந்து போகக்கூடிய நான்கு வழிகளும் விளம்பரப் பதாகைகளில் தெரிவதுபோல இருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டையோ காணியையோ ஈடுவைத்துப் போகும் ஓராண்டுப் படிப்பைவிட, ஒன்றிரண்டு வருடம் பிந்தினாலும் நிதியோடு கிடைக்கும் இடமே மேல். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பேராதனை: வேலையை விடாமல் படிக்க

ஆசிரியர்கள், வங்கியிலும் அரச அலுவலகங்களிலும் இருப்பவர்கள், வீட்டுப் பொறுப்பைத் தோளில் சுமப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பேராதனையில் விவசாயத்துக்கு 1975இலும் விஞ்ஞானத்துக்கு 1996இலும் தனிப் பட்டப்பின் படிப்பு நிறுவகங்கள் தொடங்கப்பட்டன. விஞ்ஞான நிறுவகத்தின் முதுமாணிப் பாடநெறிகளில் பல சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. திருமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை பாடசாலையில் நிற்பது நடக்கக்கூடிய காரியம். ஆனால் உடம்பு களைத்துப் போகும். கண்டியில் தங்க ஒரு உறவினர் வீடாவது இருந்தால் பெரிய நிம்மதி.

விண்ணப்பம் எளிது, கட்டணம் ரூபாயில், இடம் கிடைக்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை. கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் 30 திறமைப்புள்ளி முதுமாணி 9ஆம் மட்டத்தில் நிற்கிறது. ஆய்வும் சேர்ந்த 60 திறமைப்புள்ளி முதுமாணி 10ஆம் மட்டம். அதற்கு மேலே முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12. பதவி உயர்வு மட்டும் போதும் என்றால் 9 போதும். பிறகு கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஆய்வு உள்ள வழியை எடுங்கள். குறுகிய வழியில் முடித்துவிட்டுப் பின்னால் வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

இதே உள்ளூர் வழியில் பலரும் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது. தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் நிதியில் பேராசிரியர்கள் நடத்தும் ஆய்வுத் திட்டங்களுக்கு ஆய்வு உதவியாளர்களை எடுப்பார்கள். மாதாமாதம் ஒரு கொடுப்பனவு, கூடவே முதுதத்துவமாணிக்குப் பதிவு. பத்திரிகையிலும் துறைகளின் இணையத்தளங்களிலும் விளம்பரம் வரும். சம்பளம் பெரிதில்லைதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையும், உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு பேராசிரியரும் கிடைத்துவிடுவார்கள். வெளிநாட்டு விண்ணப்பத்தில் வேறெதுவும் இதற்கு ஈடாகாது.

இந்தியா: பக்கத்தில் இருந்தும் எங்கள் கண்ணில் படாதது

இந்தியக் கலாசார உறவுகள் பேரவை, அதாவது ஐ.சி.சி.ஆர்., கல்விக் கட்டணத்தையும் மாதக் கொடுப்பனவையும் தங்குமிடப் படியையும் சேர்த்துத் தருகிறது. முதுமாணிப் படிப்புக்காக இலங்கையருக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. பேரவையின் இணைய வாயிலில் ஒரே விண்ணப்பத்தில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை தெரிவு செய்யலாம். வருடத்தின் முற்பகுதியில் அறிவிப்பு வரும். கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களை அப்போதிருந்தே பார்த்துவர வேண்டும். கிடைக்காவிட்டால் இழப்பது நேரம் மட்டுமே.

கோணேசபுரியில் சித்த மருத்துவம் முடித்தவர்களுக்கு இது வெறும் மாற்றுவழி இல்லை, முதல் வழி. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இந்தத் துறையின் உயர்படிப்புக்குப் பெயர்பெற்றவை. லண்டனிலும் பொஸ்டனிலும் தேடினாலும் அதற்கு நிகரானது கிடைக்காது. பாரம்பரிய மருத்துவத்துக்கான இந்திய ஆயுஷ் அமைச்சின் புலமைப்பரிசில்களும் ஐ.சி.சி.ஆர். வழியாகவே வருகின்றன.

தமிழ் மொழிமூலம் கலைப்பட்டம் பெற்றவர்களுக்கும் இதையே சொல்வேன். தமிழ், வரலாறு, மெய்யியல் படித்த ஒருவருக்கு ஆங்கிலப் பரீட்சை ஒரு மலையாகத் தெரியலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயர் பட்டப்படிப்புகள் பீடமும் அவர்களுக்கு இயல்பான இடங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறப்பதால் கட்டுநாயக்கவுக்குப் போகத் தேவையில்லை.

லண்டன்: ஒரு வருடம், ஆனால் யாருடைய காசில்?

பிரித்தானிய முதுமாணியின் கவர்ச்சி அதன் குறுகிய காலம். ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு இருந்தால் இடம் கிடைப்பதும் கடினமில்லை. அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது, இடம் கிடைத்ததையே வெற்றி என்று நினைத்துவிடுகிறோம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல இடங்களில் 15,000 பவுணில் தொடங்கி 30,000ஐத் தாண்டும். அதற்கு மேல் வாழ்க்கைச் செலவு, வருடத்துக்கு 776 பவுண் சுகாதார வரி, விசாக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை. விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும். அந்த 28 நாளுக்கென்று வட்டிக்கு வாங்கிப் போட்டுக் காட்டுகிற வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்கில் காட்டும் பணம் படிப்பு முடியும்வரை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

"படித்து முடித்து அங்கேயே உழைத்துக் கடனை அடைக்கலாம்" என்பார்கள். படிப்புக்குப் பின்னான வேலை விசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. பாடநெறி வழி முதுமாணிக்குப் போகிறவர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிப்போக 2024 ஜனவரியிலிருந்து அனுமதி இல்லை. குடும்பஸ்தர்கள் இதை, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆளனுப்பும் முகவரிடம் முதல் நாளே கேட்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருங்கள்: பல முகவர்களுக்குப் பல்கலைக்கழகம்தான் தரகு கொடுக்கிறது. அதனால் நீங்கள் கட்டணம் கட்டிப் போகும் படிப்பைப் பற்றித்தான் அவர்கள் பேசுவார்கள். நிதியுள்ள ஆய்வு இடத்தில் அவர்களுக்கு வருமானம் இல்லை.

விதிவிலக்கு பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில். கட்டணம், பயணம், வாழ்க்கைச் செலவு எல்லாம் அதில் அடங்கும். 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறார்கள், ஏறக்குறைய இரண்டு வருடம். சம்பளமில்லாத தொண்டு வேலையும் கணக்கில் சேரும். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்த பிள்ளை "எனக்கு அனுபவம் இல்லை" என்று ஒதுங்கிவிடக் கூடாது. ஓகஸ்டில் விண்ணப்பம் திறக்கும். மூன்று பாடநெறிகளைக் குறிப்பிட வேண்டும், முடித்துவிட்டு இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். வேலையிலிருக்கும், பேச்சில் தெளிவான ஒருவருக்கு நான்கு வழிகளிலும் இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன்.

ஜேர்மனியையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், போட வேண்டும். ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி.யின் புலமைப்பரிசில் இல்லாமல் அந்தத் தொகையைத் திரட்டுவது எங்கள் பெரும்பாலான வீடுகளுக்குச் சுலபமில்லை.

அமெரிக்கா: வாசல் இறுக்கம், உள்ளே போனால் கூலி

முதுமாணி இல்லாமலே அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் போதும். விஞ்ஞானத் துறைகளில் அந்த இடம் கிடைத்தால் கட்டணம் தள்ளுபடி, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளராக மாதச் சம்பளம். ஐந்து வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். முதுமாணிக்கு மட்டும் போனால் பெரும்பாலும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். பெரிய பட்டத்துக்குச் சம்பளம், சின்னப் பட்டத்துக்குக் கட்டணம் என்ற இந்த நிலையைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். மூன்று வருடப் பொதுப் பட்டம் உள்ளவர்களுக்குப் பல துறைகளில் இது சிக்கல். அவர்களுக்கு முதலில் பேராதனை அல்லது இந்தியா.

செலவு முன்னாலேயே வரும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விண்ணப்பக் கட்டணம் கேட்கும், பட்டப்பின் படிப்புக்கான பொதுத் தகுதிப் பரீட்சையான ஜி.ஆர்.இ. எழுதினால் 220 டொலர், அதற்கு மேல் ஆங்கிலப் பரீட்சை. ஆனால் 2020க்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கேட்பதில்லை. விண்ணப்பக் கட்டண விலக்குத் தரமுடியுமா என்று துறைக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. பெறுபேற்றுச் சான்றிதழின் ஸ்கேன் பிரதியே பல இடங்களில் முதல் கட்டத்துக்குப் போதும். கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழு, விண்ணப்பிப்பவர்களுக்கு ஆலோசனை வழங்குகிறது. 2025இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டதால் சில துறைகள் இடங்களைக் குறைத்தன. அதனால் இதை மட்டும் நம்பி இராமல், அதே வருடத்தில் ஐ.சி.சி.ஆர்.க்கும் போடுங்கள்.

ஒரே பெறுபேறு, இரண்டு வாசிப்பு

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எங்கள் பல்கலைக்கழகங்களில் தரப்புள்ளிச் சராசரி (ஜி.பி.ஏ.) நான்குக்கு 3.70 எடுத்தால் முதலாம் வகுப்பு, 3.30 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. பிரித்தானியாவில் வகுப்பைப் பார்க்கிறார்கள், மேற்பிரிவு என்றால் கதவு திறக்கும். அமெரிக்காவில் எண்ணைப் பார்க்கிறார்கள். அங்கே தாராளமாகப் புள்ளி போடுவதால் 3.4 அவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். எங்கள் துறையில் அதே 3.4 அணியிலேயே இரண்டாவது ஆளாக இருக்கலாம். அதை நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. நீங்களே எழுதினால் பெருமை பேசுவதுபோல இருக்கும். விரிவுரையாளர் தன் கடிதத்தில் "இந்த அணியில் இத்தனை பேரில் இவர் இத்தனையாவது" என்று எழுதினால் அது சான்று.

ஆக, கடிதம்தான் நான்கு வழிகளையும் பிரித்துக் காட்டும் இடம். அமெரிக்கா பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கும், பிரித்தானியா இரண்டு. விரிவுரையாளரே இணையத்தில் நேரடியாக ஏற்ற வேண்டும். எங்கள் பிள்ளைகள் கூச்சத்தோடு கடைசிக் கிழமையில் போய் "சேர், ஒரு லெட்டர் வேணும்" என்று நிற்பார்கள். வேலைப்பளுவில் அவரும் "நீரே எழுதிக்கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறேன்" என்பார். மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். இறுதித் திகதிக்கு ஒன்றரை மாதம் முன்னமே போங்கள். உங்கள் ஆய்வுச் சுருக்கம், பெறுபேறு, விண்ணப்பிக்கும் இடங்கள், திகதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொடுங்கள். அவரிடம் செய்த ஆய்வில் எந்தப் பகுதியை நீங்கள் தனியாகச் செய்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நல்ல விரிவுரையாளர் அதைக் கொண்டு தன் சொற்களில் எழுதுவார்.

நோக்க அறிக்கையில் சிறுவயதுக் கனவுகள் வேண்டாம். கொட்டியாரக் குடா நீரில் என்ன அளந்தீர்கள், எந்தக் கருவி பழுதானது, அதற்கு என்ன செய்தீர்கள், அடுத்து எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். இவ்வளவும் இருந்தால் பேராதனைக்கும் பொஸ்டனுக்கும் ஒரே அறிக்கையின் எலும்புக்கூடு பயன்படும். லண்டன் பாடநெறி விண்ணப்பத்துக்கு அதையே சுருக்கி, அந்தப் பாடநெறி ஏன் வேண்டும் என்பதை முன்னால் வையுங்கள்.

ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு தெரிவுகள். மையத்துக்குப் போய் எழுதுவது, வீட்டிலிருந்து கணினியில் எழுதுவது. வீட்டிலிருந்து எழுத டோஃபலும் டுவோலிங்கோவும் உண்டு. பயணச் செலவு மிச்சம், ஆனால் மின்சாரம் போனாலோ இணையம் அறுந்தாலோ பரீட்சை பாழ். இறுதித் திகதி நெருங்கியிருந்தால் கொழும்புக்கு இரவு ரயில் ஏறுவதே பாதுகாப்பு. ஐ.ஈ.எல்.டி.எஸ்., டோஃபல் இரண்டின் பெறுபேறும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ஜி.ஆர்.இ. ஐந்து வருடம். அதனால் ஜி.ஆர்.இ.யை முதலிலும் ஆங்கிலத்தை விண்ணப்பிக்கும் வருடத்திலும் எழுதுவது சரியாக வரும்.

அமெரிக்க விண்ணப்பங்களின் இறுதித் திகதி பெரும்பாலும் டிசம்பரில். பதில்கள் பெப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியோடு இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்திருக்கின்றன. அதற்கு முன் முடிவு சொல்லும்படி யாராவது நெருக்கினால் அந்த உடன்பாட்டைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். அந்த நாட்களில் அந்தத் துறையில் ஏற்கெனவே படிக்கும் இலங்கை மாணவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, கையில் வரும் சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு போகிறது, கோடை மாதங்களிலும் சம்பளம் உண்டா, அந்தப் பேராசிரியரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு பதில் எழுதுங்கள்.